வெள்ளையடிக்கும் முன் ஒரு வரைபடம்

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரைக்கும் பழைய தோட்டங்களில் கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கமோ, வரப்பு முடிகிற மூலையிலோ நாலைந்து மேடுகளைப் பார்க்கலாம். ஒன்றிரண்டைச் செங்கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசி, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு மாடக்குழி விட்டிருப்பார்கள். மற்றவை வெறும் மண்மேடு. மேலே அரளியோ சோற்றுக்கற்றாழையோ முளைத்திருக்கும். குடும்பம் மதுரைக்கோ திருப்பூருக்கோ பெயர்ந்து போயிருக்கும். தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ யாராவது வந்து பூப்போட்டுப் போவார்கள். அதுவும் வருஷத்துக்கு வருஷம் குறையும். பிறகு ஒருநாள் வெளியூரில் சம்பாதிக்கிற பேரன் ஒருவனுக்கு, தாத்தா சமாதி இப்படிக் கிடக்கிறதே என்று மனசு உறுத்தும். அடுத்த வாரமே ஜேசிபி வரும், புதர் போகும், டைல்ஸ் ஒட்டிய மேடை எழும்பும், கறுப்புக் கிரானைட்டில் ஒரு பெயரும் இரண்டு தேதியும் பளபளக்கும். இந்த நல்லெண்ணத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கவனிப்பாரில்லாமல் கிடந்த ஐம்பது வருஷத்தில் அழியாதது, கவனிக்கத் தொடங்கிய ஒரே நாளில் அழிந்துவிடுகிறது. குடும்ப இடுகாட்டைக் காப்பாற்றுவது என்றால் முதல் வேலை அளப்பதும் எழுதுவதும்தான். கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம். கூப்பிடாமலே விட்டாலும் பெரிய குற்றமில்லை.

இதைச் சொல்ல வைகை அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றிலும் தமிழ்பிராமி எழுத்து. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு கல்லில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் செத்துப்போன, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்று படிக்கிறார்கள். அந்தக் கூடலூர் இன்றைய கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூராகவே இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. எப்படியானாலும், அவன் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, எந்தச் சண்டையில் செத்தான் என்பது தெரிகிறது. எல்லாம் ஏழு சொல்லில். கூடக் கிடைத்த இன்னொரு கல் உடைந்து போயிருக்கிறது. அதில் யாருடைய ஊரோ, யாருடைய கல்லோ என்பது வரைக்கும்தான் மிச்சம். ஆள் பெயர் உடைந்த பக்கத்தோடு போய்விட்டது. இரண்டு கல்லும் ஒரே ஊரில் கிடைத்தவை, ஏறக்குறைய ஒரே காலத்தவை. ஒருவன் பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டான். மற்றவன் யாரோ ஒருவன். நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு கைப்பிடி அகலக் கல் பெயர்ந்ததுதான்.

கல்லிலேயே எழுதியிருக்கும்போது நாம் வேறு எதற்குக் காகிதத்தில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். கல்லும் தொலையும் என்பதுதான் பதில். தமிழ்நாடு முழுக்க நடுகற்கள் துணி துவைக்கிற கல்லாகவும், வாய்க்கால் பாலமாகவும், மாட்டுத்தொழுவத்துப் படியாகவும் கிடந்து எடுக்கப்பட்டவைதான். எழுபதுகளின் தொடக்கத்தில் மாநிலத் தொல்லியல் துறை, இரா. நாகசாமி தலைமையில், செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று ஒரு தொகுப்பை அச்சிட்டது. தமிழில் இடுகாட்டு ஆவணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். அந்த வட்டாரத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் நிற்கிறான், பக்கத்தில் அவனுடைய நாய். நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். எசமானன் செத்த பிறகும் நின்று திருடர்களைக் கடித்த நாய். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தின ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். நம்மில் எத்தனை பேருக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் அம்மா பெயர் தெரியும்? அந்தம்மாள் இறந்து நூறு வருஷம்கூட ஆகியிருக்காது.

பெயர் மட்டும்தான் விஷயம் என்றால் கிரானைட் பலகையே போதும். ஆனால் இடுகாடு சொல்லும் சேதியில் பெயர் ஒரு பங்குதான். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது எதற்கு மேலே இருக்கிறது, தலை எந்தத் திசையில் என்பதெல்லாம் மீதி. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லைப் பகுத்துப் பார்த்துத்தான் கி.மு. 1155 என்ற காலம் வந்தது. அங்கே இரும்புப் பொருளோடு கிடைத்த கரியை வைத்துத்தான் கி.மு. 3345 என்ற கணக்கை 2025 ஜனவரியில் மாநில அரசு வெளியிட்டது. அந்தக் கணக்கை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். இன்னும் மாதிரிகள் வேண்டும் என்கிறார்கள். சண்டை நடக்கட்டும். சண்டை போட முடிகிறதே, அதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தாழி, எந்த ஆழம், எதோடு எது கிடந்தது என்று குறித்து வைத்ததால்தான் கேள்வி கேட்கிறவருக்குப் பிடிமானம் இருக்கிறது. நம்முடைய வைகை ஓடிப்போகிற வழியிலேயே கீழடிக்காரர்களின் இடுகாடு கொந்தகையில் இருக்கிறது. அங்கே எடுத்த மண்டையோடுகளிலிருந்து இரண்டு முகங்களை லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். அதே தாழிகளை ஒரு வீட்டுக்காரர் கடைக்கால் தோண்டும்போது எடுத்து ஓரமாகக் கொட்டியிருந்தால் அவை வெறும் ஓடு. பொருள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இடம் போனால் கதை போயிற்று.

இது ஈராயிரம் வருஷத்துப் பழசுக்குப் பொருந்தும், எங்கள் தாத்தா சமாதிக்கு என்ன என்று கேட்பீர்கள். சரி, நூற்று முப்பது வருஷம் பின்னால் மட்டும் போவோம். 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைதான் கம்பம் பள்ளத்தாக்கின் சோறு. அதைக் கட்டும்போது காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் நூற்றுக்கணக்கான பேர் செத்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே ஓர் இடுகாடு இருக்கிறது. கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1911இல் இங்கிலாந்தில் இறந்தார். அவருடைய கல்லறை சர்ரே மாவட்டத்து ஃப்ரிம்லி என்ற ஊரில், புனித பேதுரு தேவாலயத்து வளாகத்தில் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் தேடிப் போய் மாலை போட்டுவிட்டு வருகிறார்கள். போட வேண்டியதுதான். பொங்கல் அன்று அவர் படத்துக்கு முன்னால் பானை வைக்கிற ஊர்கள் இவை. ஆனால் மண் சுமந்த ஆளுக்கு? அவன் பெயரைச் சொல்லி ஒரு கல் கிடையாது. 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளை மாவட்ட வாரியாகத் தொகுத்து ஒரு கனத்த புத்தகமாகவே போட்டுவிட்டார். பெரும்பாலும் ஐரோப்பியர் கல்லறைகள். பின்னால் பல கல்லறைகள் சிதைந்தும் புத்தகம் நிற்கிறது. 1976இல் லண்டனில் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் அதே வேலையை இன்னும் செய்கிறது. ஆண்டவர்களுடைய பிணங்களுக்கு அட்டவணை இருக்கிறது, ஆளப்பட்டவர்களுக்கு இல்லை. இதை அவர்கள்மேல் புகாராகச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் ஆட்களை எழுதிக்கொண்டார்கள். நம் ஆட்களை எழுதுவது நம் வேலை.

வைகை அணையே ஒரு பாடம். 1959 ஜனவரியில் திறந்தார்கள். 111 அடி உயரம், 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். நீர்ப்பிடிப்புக்குள் போன ஊர்களைப் பற்றித்தான் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ பேசுகிறது; 2003இல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய நாவல். அந்தக் காலத்து நிலமெடுப்புச் சட்டம் 1894ஆம் வருஷத்தது. அது நிலத்துக்கு விலை போடும், கட்டடத்துக்குப் போடும், நிற்கிற மரத்துக்கும் பயிருக்கும் போடும். மண்மேட்டுக்கு என்ன விலை போடுவது? மேட்டூர் அணையில் தண்ணீர் வடிந்தால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலை காட்டும். செய்தித்தாளில் படம் வரும். கல்கட்டடம் என்பதால் தலை காட்டுகிறது. மண்குழி தலை காட்டாது. வைகையில் அணை எழுந்த அதே பத்தாண்டில், 1954 முதல் 1960 வரை, நாகார்ஜுனசாகர் தண்ணீரில் மூழ்கப்போகிற நாகார்ஜுனகொண்டாவைத் தொல்லியல் துறை முழுக்கத் தோண்டி, வரைந்து, முக்கியமானதைப் பெயர்த்துக் குன்றின்மேல் கொண்டுபோய் வைத்தது. அங்கே பௌத்த விகாரைகள் இருந்தன, அரசுக்குக் கண் தெரிந்தது. குடியானவன் குழிமேட்டுக்கு அப்படி ஒரு படை வராது. வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதற்குக் குடும்பம்தான் தொல்லியல் துறை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. நம்முடைய மரபே மறப்பதற்கு இடம் கொடுக்கிற மரபு. தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்கிறோம். அதற்கு மேலே இருப்பவர்கள் பொதுவாக முன்னோர். எரிப்பவர்கள் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள். புதைப்பவர்களிலும் பல குடும்பங்களில் மேடு கரைந்தால் கரையட்டும் என்றே விடுகிறார்கள். மண் மண்ணோடு சேர்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்பார்கள். இதை மூடப்பழக்கம் என்று தள்ள மாட்டேன். கல்லறைக்கு நிரந்தரக் குத்தகை கேட்காத பண்பாடு நிலத்தை மிச்சம் பிடிக்கிற பண்பாடு. ஆனால் அதே நம்மிடம் இதற்கு நேர் எதிரான பழக்கமும் சமமான வயசோடு இருக்கிறது. நடுகல்லுக்கு உரிய கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. இந்த வட்டாரத்திலேயே கம்பளத்து நாயக்கர்களின் மாலைக்கோவில்கள் இருக்கின்றன. பங்காளிகள் கூடித் தங்கள் வழியில் செத்தவர்களைக் கும்பிடுகிற இடங்கள் அவை. மாசிச் சிவராத்திரிக்கு நாம் பஸ் பிடித்துப் போகிற குலதெய்வங்களில் பாதி, ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய சமாதிதான். சடங்கு மறக்கச் சொன்னால் சடங்கில் மறந்துகொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்துக்கு அந்த விதி கிடையாது. மேட்டைக் கரைய விடுகிற குடும்பமும், அது எங்கே இருந்தது, யாருடையது என்று ஒரு தாளில் எழுதிவிட்டுக் கரைய விடலாம்.

அடுத்த மறுப்பு கைவசம் காசு இருக்கிறவர்களுடையது: புதுசாகக் கட்டுவதுதானே மரியாதை? கட்டுகிறவர் மனசு தங்கம்தான். ஆனால் பொருள் அறிவு என்று ஒன்று இருக்கிறதே. பழைய சமாதிகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் செங்கல்லில் தங்கி, உப்புப் பூத்து, உள்ளே இருந்தே பொடியாகும். வெளியே பூச்சு மட்டும் அழகாக நிற்கும். எழுத்துள்ள கல்லில் எனாமல் பெயின்ட் அடித்தால் பள்ளம் மேடாகிவிடும். கம்பி பிரஷும் ஆசிட்டும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீசால் தடவி எழுதுகிறவர், தனக்குப் பட்டதை எழுதுகிறார்; அடுத்தவர் அவர் எழுதியதைத்தான் படிப்பார். தண்ணீரும் மெத்தென்ற நார் பிரஷும் போதும். படிக்க முடியாத எழுத்தைப் படிக்க மாலை வெயில் சாய்வாக விழும் நேரம் போதும், அல்லது இருட்டியபின் பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்தால் போதும். காலகாலமாகக் கல்வெட்டுக்காரர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தட்டி, மை ஒற்றிப் படியெடுத்தார்கள். நமக்கு செல்போன் இருக்கிறது, செலவே கிடையாது.

புதரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழிவு தொடங்குவது அங்கேதான். அரளியும் துளசியும் கற்றாழையும் தானாக வந்தவை என்று நினைக்கிறோம். பல இடங்களில் அவை நட்டவை. ஒரு குழிக்கு ஒரு செடி. மேடு கரைந்த பிறகு அந்தச் செடிதான் அடையாளம். ஒட்டுமொத்தமாக ஜேசிபியில் வழித்தால் இருக்கிற ஒரே வரைபடத்தை வழித்து எறிகிறோம். முதலில் செடியோடு சேர்த்துப் படம் எடுங்கள், எந்த மேட்டில் எது என்று குறியுங்கள், அப்புறம் வெட்டுங்கள். சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட வேண்டும். வேரோடு பிடுங்கினால் செங்கல்லும் எலும்பும் சேர்ந்து வரும். அளக்க டேப் இருந்தால் போதும். நகராத இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: கிணற்றுச் சுவரின் ஒரு மூலை, ஒரு பாறை. மரம் வேண்டாம், மின்கம்பம் வேண்டாம், இரண்டும் போய்விடும். ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் அந்த இரண்டு புள்ளியிலிருந்தும் தூரம் எழுதினால், நாளைக்கு மேடே இல்லாவிட்டாலும் காம்பஸ் வைத்துத் திரும்ப வரையலாம். செல்போன் காட்டும் இடக்குறி சில மீட்டர் முன்னே பின்னே போகும். தோட்டத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். அடுத்தடுத்துப் படுத்திருக்கிற தாத்தாவையும் சின்னத்தாத்தாவையும் பிரித்துக் காட்டாது. திசையையும் குறியுங்கள். இந்துக்கள் பெரும்பாலும் தெற்கே தலை வைக்கிறார்கள். கம்பம், உத்தமபாளையம் முஸ்லிம்களின் மையவாடியில் வடக்குத் தெற்காக, முகம் மேற்கே பார்த்து இருக்கும். பெயர் அறவே தெரியாத மேடுகூட இப்படிக் கொஞ்சம் பேசும். வரிசையிலிருந்து விலகி ஓரமாக ஒரு குட்டி மேடு இருந்தால் அது குழந்தையாக இருக்கலாம், ஊர் ஒதுக்கிய சாவாகவும் இருக்கலாம். விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பது யாரிடம்? எல்லோரும் குடும்பத்து மூத்த ஆணிடம் போகிறார்கள். அவரிடம் பட்டாவும் பெருமையும் இருக்கும். பெயர் வரிசை பெரும்பாலும் பெண்களிடம் இருக்கிறது. ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவிக்கு யார் யாருக்குப் பிறந்தவர், எந்த ஊரிலிருந்து கட்டிவந்தவர், எந்தப் பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் பல குடும்பங்களில் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. அதனால் ‘அப்பத்தா, இந்த மேடு யாருது?’ என்று அங்கே நின்று கேட்க வழியில்லை. வரைபடத்தைத் திண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொருவர், குழி வெட்டுகிற குடும்பத்துக்காரர். எங்கே மண்வெட்டி படக் கூடாது என்பது அவருக்குத் தொழிலோடு வந்த அறிவு. அவரைப் போல அந்த நிலத்தின் அடியைத் தெரிந்தவர் இல்லை. அவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். கேட்டால் சொல்வார், அதற்குக் கூலியும் கொடுங்கள்.

வருஷம் கேட்டால் யாரும் ஆங்கிலத் தேதி சொல்ல மாட்டார்கள். விளம்பி வருஷம் தை என்பார்கள். அறுபது வருஷச் சுற்றில் அது 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம், 2019ஆகவும் இருக்கலாம். அப்போது வைகை அணை திறந்தாச்சா என்று ஒரு கேள்வி போட்டால் முடிச்சு அவிழும். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876-78. பெரியாத்துத் தண்ணீர் வந்த வருஷம் என்றால் 1895, மன்மத. இப்படி நாலைந்து ஆணிகள் அடித்துவைத்தால் மற்றச் சாவுகளை முன்னே பின்னே தொங்கவிடலாம். காகிதமும் இருக்கிறது. 1899ஆம் வருஷச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்பைப் பதிந்தார்கள். கிராமத்தில் எழுதியவர்கள் பரம்பரை ஊர் அதிகாரிகள், அந்தப் பதவிகள் 1980இல் ஒழிந்தன. பழைய ஏடுகள் எல்லா இடத்திலும் மிஞ்சவில்லை, ஆனாலும் தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரி கத்தோலிக்க ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை பங்குக்கோவிலில் பதிவது திருச்சபையின் வழக்கம்.

சமாதிக்கு வரும் பெரிய ஆபத்து மழையிலிருந்து வருவதில்லை, பத்திரத்திலிருந்து வருகிறது. ஊர்ப் பொது மயானம் கிராமக் கணக்கில் புறம்போக்காக ஏறியிருக்கும். குடும்பச் சமாதி பட்டா நிலத்துக்குள் இருப்பதால் அ-பதிவேட்டில் அது வெறும் புஞ்சை. புல வரைபடத்தில் கிணறு இருக்கும், சமாதி இருக்காது. நிலம் கைமாறினால் வாங்கியவருக்கு அது தெரியவேண்டிய கட்டாயமே இல்லை. அடுத்த உழவில் மட்டமாகிவிடும், பிளாட் போட்டால் ரோடாகிவிடும். 1999ஆம் வருஷ ஊராட்சி விதிகள் வந்த பிறகு, உரிமம் பெற்ற இடுகாடு தவிர வேறு இடத்தில் நினைத்தபடி புதைக்க முடியாது. குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் கூடவே கூடாது. அது நல்ல விதிதான். ஆனால் அதன் பொருள், தோட்டத்துச் சமாதி என்ற இனம் இனிப் பெருகாது; இருப்பவைதான் மொத்த இருப்பு. ஆகவே விற்கும்போது, சமாதி உள்ள இத்தனை சென்ட் நீங்கலாக, இன்ன பக்கத்திலிருந்து நடந்துபோய் வருகிற பாத்தியத்தோடு என்று நான்கெல்லை சொல்லிக் கிரயப்பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். இங்கேதான் டேப் வைத்து அளந்த வரைபடம் காசாகிறது. டைல்ஸ் மேடையைப் பத்திரத்தில் ஒட்ட முடியாது, வரைபடத்தை இணைக்கலாம்.

கடைசி மறுப்பு எனக்கே சங்கடமானது. இடுகாட்டை எழுதினால் சாதியை எழுதுவதாகும். நம் ஊர்களில் செத்தவர்களும் தெருத்தெருவாகத்தான் படுத்திருக்கிறார்கள். 2019இல் வாணியம்பாடிப் பக்கம் பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. சமாதிப் பட்டியல் என்று கிளம்புகிறவர்கள் பங்காளி வம்புக்கும், ஆண்ட பரம்பரைக் கதைக்கும், எல்லைத் தகராறுக்கும் சரக்கு சேர்த்துக் கொடுப்பார்கள் என்ற பயம் நியாயமானது. பட்டா நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் தோட்டத்துச் சமாதி, நிலமில்லாதவனுக்கு ஓடைக்கரை. குடும்ப இடுகாட்டை மட்டும் எழுதினால் காட்டனுடைய புத்தகத்தையே வேறு பெயரில் திரும்ப எழுதுகிறோம். எழுதாமல் விடுவது இதற்குத் தீர்வாகாது. ஓடைக்கரையையும் எழுதுவதுதான் தீர்வு, அதையும் முதலில். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும் ஏலமலையிலும் இங்கிருந்து போய் உழைத்துச் செத்தவர்களுடைய மேடுகளுக்குப் பட்டாவும் இல்லை, பேரனுடைய கிரானைட்டும் இல்லை, வாய்வழி மட்டும்தான். மாதம் ஒரு கிழவி சாகும்போது அதுவும் குறைகிறது. பாதை மறுக்கப்பட்ட இடுகாட்டுக்கு, இத்தனை தலைமுறையாக இங்கே புதைக்கிறோம், இந்த வழியாகத்தான் வந்தோம் என்று பெயரோடும் அளவோடும் ஒரு பதிவு இருப்பது கலெக்டர் அலுவலகத்திலும் கோர்ட்டிலும் எடுபடுகிற சங்கதி. பயந்தவர்கள் சொல்வது சரி: பதிவு ஓர் ஆயுதம். இதுவரை அது யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எழுதியதை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு திட்டமான கருத்து உண்டு: எல்லாவற்றையும் முகநூலில் போடாதீர்கள். தாழி, புதையல் என்று காதில் விழுந்தால் இரவோடு இரவாகத் தோண்டுகிற கூட்டம் நம் மாவட்டத்திலும் உண்டு. வெளியே போகிற பிரதியில் ஊர்ப் பெயர் வரைக்கும் போதும். அளவும் இடக்குறியும் குடும்பப் பிரதியில் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர்கள் பெயரையும் அதில் சேர்க்க வேண்டாம். செல்போன் மூன்று வருஷத்தில் மாறும், கூகுள் கணக்கின் கடவுச்சொல் அதற்குரியவரோடு போகும். அதனால் அச்செடுத்த தாள் அவசியம்: ஒன்று மூலப்பத்திரத்தோடு, ஒன்று பங்காளி வீட்டில், ஒன்று ஊர் நூலகத்தில். எழுத்துள்ள பழைய கல் இருந்தால் படத்தை மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால்? மூன்றாவது மேடு பெரியப்பாவுடையது என்று ஒருவரும், இல்லை அவருடைய முதல் மனைவியுடையது என்று இன்னொருவரும் சொன்னால், ஓட்டெடுப்பு நடத்த வேண்டாம். இரண்டையும், சொன்னவர் பெயர், சொன்ன தேதி போட்டு எழுதுங்கள். கிரானைட்டில் ஒரே பெயரைத்தான் வெட்ட முடியும். தாளில் இரண்டு பேரும் இருக்கலாம்.